முதியோர் பெருகும் ஊரில் மருத்துவமனைத் தரம் என்பது என்ன?

பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையையும் பெங்களூரையும் விட்டுக் காவிரிக் கரைக்குத் திரும்புவோர், வீடு பார்க்கும்போது வழக்கமாக மூன்று தூரங்களை விசாரிக்கிறார்கள். கோயில் எவ்வளவு தூரம், ரயில் நிலையம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மூன்றாவது கேள்வி மிகத் தேவையானது. ஆனால் அது பாதிக் கேள்விதான். அந்த மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு 78 வயதுப் பெண்மணி ஒருவருக்கு என்னென்ன நடக்கும், யார் செய்வார்கள், எத்தனை மணி நேரத்தில் செய்வார்கள், அவர் எந்த நிலையில் வீடு திரும்புவார் என்பது மீதிப் பாதி. மருத்துவத் தரம் என்று துறையினர் சொல்வது பெரும்பாலும் இந்த மீதிப் பாதியைத்தான். அதைப் புதிதாக அறிய விரும்புவோருக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 10.4 பேர்; 2021க்கான மதிப்பீடு 13.6. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. டெல்டாவில் இந்தச் சராசரி சொல்லாத ஒன்றும் உண்டு. பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெற்றோர் மட்டும் தங்கிய வீடுகள் நிறைந்த தெருக்களைக் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவையாறு வட்டாரங்களில் எங்கும் காணலாம். அவர்களோடு, மூத்த குடிமக்களுக்கென்றே கும்பகோணத்தைச் சுற்றியும் திருச்சிப் பகுதியிலும் எழுந்துள்ள குடியிருப்புகளில் வெளியூரிலிருந்து வந்து குடியேறுவோரும் சேர்கிறார்கள். பெயர்ப்பலகை மாட்டாமலேயே பல ஊர்கள் முதியோர் குடியிருப்புகளாகிவிட்டன.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளக்கம் எளிதாகும். அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அருகிலுள்ள நகரத்தில் நல்ல பெயர் பெற்ற மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். எக்ஸ்ரே, ஸ்கேன், குளிரூட்டிய அறை, தேர்ந்த எலும்பு மருத்துவர் என எல்லாம் அங்கே இருந்தன. அறுவை சிகிச்சை குறையின்றி முடிந்தது. ஆனால் அது நான்காம் நாள்தான் நடந்தது. இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவர் சாப்பிட்டு வந்த ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைப் பற்றி முதல் நாளே யாரும் கேட்கவில்லை. படுக்கையில் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதப்படாததால் முதுகின் கீழே புண் வந்தது. மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் இரவே அவர் தாம் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினார். வீட்டுக்கு வந்த பிறகு பழைய சர்க்கரை மாத்திரையும், மருத்துவமனை எழுதிய புதிய சர்க்கரை மாத்திரையும் வெவ்வேறு பெயரில் உள்ள ஒரே மருந்து என்பது தெரியாமல் இரண்டையும் கொடுத்தோம். ஒரு விடியற்காலையில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கிக் கிடந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தனியாகக் கோயிலுக்கு நடந்து போனவர், அதன் பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை.

இந்த மருத்துவமனை தரமானதா? கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்தவர் ஆம் என்பார். பெரியம்மாவைப் பார்த்தவர் இல்லை என்பார். இந்த முரணைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அவெடிஸ் டோனபீடியன். பெய்ரூட்டில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் அவர். 1966ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், மருத்துவத் தரத்தை மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும் என்றார். முதலாவது கட்டமைப்பு: கட்டடம், படுக்கை, கருவி, மருத்துவர், செவிலியர், மருந்து இருப்பு ஆகியவை. இரண்டாவது செயல்முறை: அவற்றைக் கொண்டு நோயாளிக்கு உண்மையில் செய்யப்பட்டவை, செய்யப்பட்ட வரிசை, எடுத்துக்கொண்ட நேரம். மூன்றாவது விளைவு: நோயாளி பிழைத்தாரா, வலி தீர்ந்ததா, நடந்தாரா என்பது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வெகு தொலைவு போக வேண்டியதில்லை. மேட்டூர் அணையும் கல்லணையும் வாய்க்கால்களும் கட்டமைப்பு. எந்த மதகை எப்போது திறப்பது, முறை வைத்து யாருக்கு எத்தனை நாள் நீர் விடுவது, கோடையில் தூர் வாரினோமா என்பவை செயல்முறை. கடைமடையில் இருக்கும் வயலுக்கு நீர் சேர்ந்து கதிர் முற்றியதா என்பது விளைவு. அணை நிரம்பியிருந்தும் கடைமடை காய்ந்த ஆண்டுகளை இங்குள்ள எல்லாரும் கண்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் கடைமடை என்பது இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடக்கும், குரல் எழுப்பத் தெம்பில்லாத முதியவர்.

கட்டமைப்பு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கியது. திருவாரூருக்கு 2010இலும் நாகப்பட்டினத்துக்கு 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் கிடைத்தன. இவை இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆயினும் புதிய கட்டடத்தைத் திறந்து வைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது தெரிவதில்லை. அதனால்தான் பொதுமக்களும் நன்கொடையாளர்களும் நிர்வாகிகளும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறோம்.

முதியோருக்குச் செயல்முறை ஏன் இத்தனை முக்கியம்? நாற்பது வயதுக்காரர் ஒருவரின் உடலில், மருத்துவமனை செய்யும் சிறு தவறுகளைத் தாங்கிச் சரிக்கட்டும் சேமிப்பு இருக்கிறது. எண்பது வயதில் அந்தச் சேமிப்பு கரைந்திருக்கும். பத்து நாள் அசையாமல் படுத்தால் இளையவருக்குச் சோர்வு வரும். முதியவருக்குத் தொடைத் தசை வற்றி நடையே போகும். இளையவருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் வரும். முதியவருக்குச் சில வேளைகளில் காய்ச்சலே இல்லாமல் குழப்பமும் சாப்பாடு வெறுத்தலும் மட்டுமே வரும், அதை வயதின் கோளாறு என்று ஒதுக்கினால் நோய் முற்றிவிடும். முதியோர் மருத்துவம் தனித்துறையாகத் தேவைப்படுவது இதனால்தான். இத்துறை இந்தியாவில் வேரூன்றியதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு உருவாக உழைத்த மருத்துவர் வ. செ. நடராசனுக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் அந்தத் துறையில் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே. ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது. அவர்கள் வகுத்த நடைமுறைகளை எந்த மருத்துவமனையும் கற்றுக்கொள்ளலாம்.

அந்த நடைமுறைகளில் பல விலையுயர்ந்தவை அல்ல. சேரும் நாளிலேயே நோயாளி வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சித்த மருந்து, கைவைத்தியம், பக்கத்து வீட்டார் கொடுத்த வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, நிறுவனம் வைத்த வணிகப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் மூலப்பெயரோடு பட்டியல் எழுதுவது ஒன்று. ஐந்து மருந்துகளுக்கு மேல் சாப்பிடுவோரிடம் எதை நிறுத்தலாம் என்றும் பார்க்க வேண்டும். கிளிபென்கிளமைடு போன்ற சில பழைய சர்க்கரை மாத்திரைகள் முதியோருக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக் கூடியவை என்பதால் அவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லப்படுகின்றன. சிறுநீர்க் குழாய் பொருத்தினால், அதை எப்போது எடுப்பது என்று பொருத்தும்போதே எழுதுவது இன்னொன்று. தேவை முடிந்தும் விட்டுவைத்த குழாய் கிருமித்தொற்றுக்கு வழி திறக்கிறது. கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, இரவில் விளக்கைத் தணித்துத் தூங்க விடுவது, பகலில் நாற்காலியில் உட்கார வைப்பது, பழகிய முகம் ஒன்றை அருகில் இருக்க விடுவது ஆகியவை திடீர்க் குழப்பத்தை வெகுவாகத் தடுக்கின்றன. நம் ஊரில் நோயாளியோடு ஒருவர் துணைக்கு இருப்பது பழக்கத்திலேயே உள்ளது. அந்தத் துணையை இடையூறாகக் கருதாமல், என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அதுவே நமக்குக் கிடைத்த பெரும் வசதி.

இடுப்பு எலும்பு முறிவில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல சான்று. அங்குள்ள வழிகாட்டுதல், மருத்துவமனைக்கு வந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்கிறது. 2007இல் அவர்கள் இந்த முறிவுகளுக்கென ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கி, ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை பேருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்தார்கள். விரைவில் அறுவை சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு 54.5 பேராக இருந்தது 2011இல் 71.3 ஆக உயர்ந்தது. 30 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 10.9 பேரிலிருந்து 8.5 ஆகக் குறைந்தனர். இதற்காகப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள், நேரத்தை எழுதினார்கள், எழுதியதை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். என் பெரியம்மாவின் நான்கு நாட்களை நினைக்கும்போதெல்லாம் இந்த எண்கள் என் மனத்தை அறுக்கின்றன.

பக்கவாதத்தில் நேரம் இன்னும் குறுகியது. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட வகையில், உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ரத்தக் கசிவு இல்லை என்பதை உறுதி செய்ய மூளை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறிய ஒருவரை முதலில் வீட்டிலேயே படுக்க வைத்து ஒரு மணி நேரம், பிறகு ஸ்கேன் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம், அங்கிருந்து பெரிய ஊருக்கு அனுப்பி இன்னொரு மணி நேரம் என்று போனால் மிஞ்சுவது என்ன? ஆகவே அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை விட, இரவிலும் ஸ்கேன் எடுத்து ஊசி போடும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பது அறிய வேண்டிய செய்தி. 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே பக்கவாத அறிகுறி என்று சொல்வதும், அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும் செயல்முறையில் குடும்பத்தின் பங்கு.

தரத்தை அளப்பது எப்படி என்பதற்கு வருவோம். தொடக்கநிலையில் பலர் இடறும் இடம் இது. ஐம்பது படுக்கை மருத்துவமனை ஒன்றில் ஒரு மாதத்தில் மூன்று நோயாளிகள் கீழே விழுந்தார்கள். இருநூறு படுக்கை மருத்துவமனையில் ஆறு பேர் விழுந்தார்கள். எது பாதுகாப்பானது? மூன்று ஆறை விடச் சிறியது என்று முடிவு கட்டக் கூடாது. முதல் மருத்துவமனையில் நாள்தோறும் சராசரியாக 40 பேர் தங்கியிருந்தால் 30 நாட்களில் 1,200 நோயாளி-நாட்கள். இரண்டாவதில் 160 பேர் என்றால் 4,800 நோயாளி-நாட்கள். ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு எத்தனை விழுகைகள் என்று கணக்கிட்டால் முதலாவதில் 2.5, இரண்டாவதில் 1.25. பெரிய எண்ணைக் காட்டிய மருத்துவமனையே பாதி ஆபத்துள்ளது. படுக்கைப்புண், குழாய்வழித் தொற்று, மருந்துத் தவறு எல்லாவற்றையும் இப்படி வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

விளைவை மட்டும் வைத்து ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. மற்ற இடங்கள் கைவிட்ட நோயாளிகளை ஏற்கும் அரசு மருத்துவமனையில் இறப்பு விகிதம் கூடுதலாகவே இருக்கும். கடினமான நோயாளிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிடும் இடத்தில் அது அழகாகத் தெரியும். வந்தவர்களின் வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அநீதி. அது தீமையும் செய்கிறது, ஏனெனில் எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கடினமான நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழக்கத்தை வளர்க்கிறது. இறப்பு ஒன்றை மட்டும் விளைவாகக் கொள்வதும் முதியோருக்குப் போதாது. அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸ் 1963இல் வெளியிட்ட அளவுகோல் ஆறு செயல்களைக் கேட்கிறது: தாமே குளிப்பது, உடுத்துவது, கழிவறை செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்கிக்கொள்வது, உண்பது. மருத்துவமனைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு இவற்றில் எத்தனை செய்தார், வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து எத்தனை செய்கிறார் என்று இருமுறை கேட்டால் போதும். என் பெரியம்மாவின் மருத்துவமனைக் கோப்பில் அவர் குணமடைந்து அனுப்பப்பட்டதாக எழுதியிருந்தது. ஆறில் ஆறு செய்தவர் ஆறில் இரண்டாகிவிட்டதை அந்தக் கோப்பு அறியவில்லை.

வேகமாக வளரும் முதியோர் குடியிருப்புக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீடுகளின் எண்ணிக்கை கூடினால் மருத்துவத் தேவை அதே அளவில் கூடும் என்றுதான் இயல்பாக நினைக்கிறோம். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு குடியிருப்பில் 300 பேர், சராசரி வயது 66இல், குடியேறுகிறார்கள். காலையில் நடக்கிறார்கள், கோயில் உற்சவங்களுக்குப் போகிறார்கள், ரத்த அழுத்த மாத்திரை தவிர வேறு தேவை பெரிதாக இல்லை. பக்கத்தில் உள்ள சிறிய மருத்துவமனை அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அதனாலேயே ஊர் நல்ல பெயர் எடுத்து மேலும் பலர் வருகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, முதலில் வந்தவர்களில் இருப்போர் ஏறத்தாழ ஒரே காலத்தில் 81 வயதை எட்டுகிறார்கள். மறதி நோய், விழுகை, இதயச் செயலிழப்பு, படுக்கையோடு கிடத்தல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒரே நாளில் நட்ட வயல் ஒரே நாளில் அறுவடைக்கு வருவதைப் போன்றது இது. சாதாரண ஊரில் எல்லா வயதினரும் கலந்திருப்பதால் சுமை பரவிக் கிடக்கும். முதியோர் குடியிருப்பில் அலையாக எழும். ஆகவே இங்கே திட்டமிடுவோர் தலைகளை எண்ணினால் போதாது, வயதுகளை எண்ண வேண்டும். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு 80ஐக் கடப்போர் எத்தனை பேர் என்ற ஒற்றை எண், எத்தனை புதிய வீடுகள் விற்றன என்பதை விடப் பயன்படும். அந்த அலைக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் ஐ.சி.யு. படுக்கைகள் அல்ல. பிசியோதெரபி, வீட்டுக்கு வரும் செவிலியர், வலி தணிப்புச் சிகிச்சை, மறதி நோயாளியைப் பராமரிக்கப் பயின்ற ஆயாக்கள் ஆகியோரே தேவை. அவர்களைப் பயிற்றுவிக்க ஆண்டுகள் பிடிக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த வகையில் கவனிக்கத் தக்கது. ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதன் பகுதிகள். தனியார் குடியிருப்பில் வசிப்போர் இது நமக்கல்ல என்று எண்ணத் தேவையில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

தரச்சான்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்குத் தேசிய தர உறுதிச் சான்றும், தனியார் மருத்துவமனைகள் பல நாடும் என்.ஏ.பி.எச். எனப்படும் தேசிய மருத்துவமனை அங்கீகார வாரியத்தின் சான்றும் பொருளுள்ளவை, அவற்றைப் பெற முயலும்போதே பல நல்ல பழக்கங்கள் உள்ளே வருகின்றன. ஆனால் சான்று பெரும்பாலும் கட்டமைப்பையும், எழுதி வைத்த செயல்முறையையும் பார்க்கிறது. ஆய்வாளர் வராத நாளில், விடுமுறை இரவில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவமனை தானே அளந்துகொண்டால்தான் தெரியும்.

தரத்தை உயர்த்துவது என்றவுடன் பெரிய திட்டத்தை நினைக்க வேண்டாம். தொழிற்சாலைகளிலிருந்து மருத்துவத்துக்கு வந்த ஒரு முறை உண்டு: சிறிய மாற்றம் ஒன்றைத் திட்டமிடுவது, ஒரே வார்டில் சில நாள் செய்து பார்ப்பது, எண்ணைக் கவனிப்பது, பலன் தந்தால் பரப்புவது, தராவிட்டால் மாற்றுவது. எடுத்துக்காட்டாக, டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் மட்டும் தரப்படும் இடத்தில், அதோடு தமிழில் ஒரே பக்கம் சேர்க்கலாம். நிறுத்த வேண்டிய மாத்திரைகள், தொடர வேண்டியவை, புதியவை என மூன்று கட்டம். எந்த அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு வரி. கொடுப்பதற்கு முன் செவிலியர், 'அம்மா, வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்' என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் நம் முதியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். சொல்ல வைத்தால்தான் புரியாதது வெளியே வரும். மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு, 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதை முந்தைய மாதங்களோடு ஒப்பிட வேண்டும்.

இதில் எதற்கும் தவறு செய்தவரைத் தேடித் தண்டிக்கும் மனப்பான்மை உதவாது. பெரியம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்காத செவிலியர் அன்றிரவு தனியாக எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்று நான் அப்போது கேட்கவில்லை. கோபத்தில் இருந்தேன். தவறைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் உள்ள இடத்தில் விழுகைகள் பதிவேட்டில் குறையும், தரையில் குறையாது. ஆகவே பதிவு திடீரென்று கூடுவது சில வேளைகளில் நல்ல அறிகுறி. மறைத்தவை வெளிவருகின்றன என்று அதற்குப் பொருள்.

குடியிருப்புச் சங்கங்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, நான் எங்கள் தெருவில் தொடங்கிய இடத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள்: பெயர், வயது, மருந்துகளின் மூலப்பெயர், ஒவ்வாமை, கேட்ஸின் ஆறு செயல்களில் தற்போது செய்பவை, அவசரத்தில் அழைக்க வேண்டிய உள்ளூர் ஆள் ஒருவர், வெளிநாட்டுப் பிள்ளையின் எண் அதற்குக் கீழே. தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மருத்துவமனைகளிடம் கேட்க நான்கு கேள்விகள் வைத்திருக்கிறோம். இரவில் மூளை ஸ்கேன் உண்டா? இடுப்பு எலும்பு முறிவுக்கு எத்தனை நாளில் அறுவை சிகிச்சை நடக்கிறது? ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு எத்தனை விழுகைகள்? அனுப்பிய பிறகு யார் அழைக்கிறார்கள்? முதல் முறை கேட்டபோது இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே விடை கிடைத்தது. மூன்றாவது கேள்விக்கு, இதுவரை எண்ணியதில்லை, இந்த மாதத்திலிருந்து எண்ணுகிறோம் என்று ஒரு மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர் சொன்னார்.